வீட்டில் காய்ச்சிய ஐரிஷ் ஸ்டவுட்: ஒரு தானியப் பெட்டியின் மதிப்புரை

டப்ளினில், கின்னஸ் என்ற கருநிற ஸ்டவுட் பீரைக் காய்ச்சும் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையைச் சுற்றியுள்ள தெருக்களில், காற்று வாகாக வீசும் நாள்களில், வறுத்த பார்லியின் வாசனை முகத்தில் வந்து மோதும். காப்பிக் கொட்டை வறுபட்டு முடியும் தறுவாயில் எழும் வாசனைக்கும், கேழ்வரகை வறுக்கும்போது எழும் வாசனைக்கும் நடுவில் உள்ளது அது. எட்டு ஆண்டுகளாக அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறேன். அந்த வாசனையைத் தானியத்திலிருந்து கோப்பை வரைக்கும் என் கையாலேயே ஒருமுறை கொண்டுவந்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான், வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான பொருள்களை விற்கும் ஓர் இணையக் கடையிலிருந்து, "ஐரிஷ் ஸ்டவுட் நகல்" என்று பெயரிட்ட முழுத் தானியப் பெட்டியை வாங்கினேன். ஐந்து மாத இடைவெளியில் அதே பெட்டியை இரண்டு முறை வாங்கிக் காய்ச்சிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஏறத்தாழ இதே கூட்டில்தான் பல கடைகளின் ஸ்டவுட் பெட்டிகளும் வருகின்றன என்பதால், கடையின் பெயரைச் சொல்லாமலேயே இது மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அயர்லாந்தில் சொந்தத் தேவைக்காக, விற்பனை நோக்கமின்றி, வீட்டில் பீர் காய்ச்சுவதற்குத் தடை இல்லை. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம் என்பதை அங்கிருந்து வாசிப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

நகல் என்றால் எதன் நகல் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனெனில் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த விவரத்தில் அது தெளிவாக இல்லை. கின்னஸ் என்ற ஒரே பெயரில் பல வகை ஸ்டவுட்கள் விற்கின்றன. மதுக்கடைகளில் குழாயிலிருந்து வெண்ணெய் போன்ற நுரையோடு ஊற்றித் தரப்படும் டிராஃப்ட் வகையில் ஆல்கஹால் 4.2 சதவீதமே உண்டு. கருமை பயமுறுத்தினாலும் அது உண்மையில் இலேசான பானம். ஆப்பிரிக்கா, ஆசியா, கரீபியத் தீவுகள் ஆகிய இடங்களுக்குச் சென்ற ஃபாரின் எக்ஸ்ட்ரா வகை 7.5 சதவீதம் கொண்டது. இலங்கையின் லயன் ஸ்டவுட்டைக் குடித்துப் பழகியவர்கள், 8 சதவீதத்தைத் தாண்டிய அதன் கனத்தையும் இனிப்பையும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பெட்டியை வாங்கினால் நிச்சயம் ஏமாறுவார்கள். நான் வாங்கிய பெட்டி குறிவைப்பது டிராஃப்ட் வகையைத்தான்: இனிப்பு நிற்காத, உலர்ந்த முடிவு, காப்பியின் கசப்பு, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் மெல்லத் தட்டுப்படும் ஒரு புளிப்பு.

பெட்டியைத் திறந்தால் மூன்று பொருள்கள் இருந்தன. உடைத்த தானியங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நிரப்பிய 4.1 கிலோ பை ஒன்று. காற்று நீக்கி அடைத்த 60 கிராம் ஹாப்ஸ், அதாவது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் உலர்ந்த பூ; வகை, இங்கிலாந்தின் கிழக்குக் கென்ட் பகுதியின் பெயர் கொண்ட கோல்டிங்ஸ். எந்த வகை என்று குறிப்பிடாமல் "ஏல் ஈஸ்ட்" (ஸ்டவுட்டையும் உள்ளடக்கிய ஏல் என்ற பீர் குடும்பத்தை நொதிக்கவைப்பது) என்று மட்டும் அச்சிட்ட 11 கிராம் பொட்டலம். உடன் வைத்திருந்த தாளில் கூட்டு விகிதம் கொடுக்கப்பட்டிருந்தது: வெளிர் மால்ட் 2.9 கிலோ, பார்லி அவல் 0.8 கிலோ, வறுத்த பார்லி 0.4 கிலோ. அதாவது ஏறத்தாழ எழுபதுக்கு இருபதுக்குப் பத்து. டிராஃப்ட் வகையை வீட்டில் காய்ச்ச முயன்ற அனுபவசாலிகள் பல ஆண்டுகளாகக் கைக்கொள்ளும் விகிதம் இதுதான்; இதில் கடைக்காரர் கஞ்சத்தனமும் செய்யவில்லை, தேவையற்ற அலங்காரமும் செய்யவில்லை. சாக்லேட் மால்ட், கேரமல் மால்ட் என்று நாலைந்து வகைகளைச் சேர்த்துப் பெட்டியை நிரப்பும் கடைகள் உண்டு. அவை நல்ல ஸ்டவுட்டைத் தரலாம், ஆனால் இந்த ஸ்டவுட்டைத் தராது.

இந்த மூன்று தானியங்களையும் நம் சமையலறைக் கண்ணோடு பார்த்தால் எளிதில் விளங்கிவிடும். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. ராகி மால்ட் செய்யும் வீடுகளுக்கு இந்த வேலை புதிதல்ல. முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகளே பின்னர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. இரண்டாவது, முளைகட்டாத பார்லியை வேகவைத்துத் தட்டையாக அழுத்தியது. அதை அவல் என்று சொல்வதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. சர்க்கரையைவிட முக்கியமாக, பானத்துக்கு வழவழப்பையும் நுரைக்கு உறுதியையும் கொடுப்பது அதன் வேலை. மூன்றாவதான வறுத்த பார்லியும் முளைகட்டாததுதான், ஆனால் 200 பாகைக்கு மேலான வெப்பத்தில் கருகும் எல்லை வரைக்கும் வறுக்கப்பட்டது. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு வரிச் சட்டம் இருக்கிறது. 1880க்கு முந்தைய பல பத்தாண்டுகளாகப் பிரிட்டனிலும், அப்போது அதன் ஆட்சியில் இருந்த அயர்லாந்திலும், பீருக்கு அல்ல, மால்ட்டுக்குத்தான் வரி. அதனால் முளைகட்டாத தானியத்தைக் காய்ச்சலில் சேர்ப்பது வரி ஏய்ப்பாகக் கருதப்பட்டுத் தடை செய்யப்பட்டிருந்தது. அந்த ஆண்டில் வரி மால்ட்டிலிருந்து பீருக்கு மாறிய பிறகுதான் வறுத்த பார்லிக்கும் பார்லி அவலுக்கும் கதவு திறந்தது. ஆர்தர் கின்னஸ் 1759இல் ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்குச் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை எடுத்தார் என்பதால், 1759இன் சுவையையே இன்றும் குடிக்கிறோம் என்று பலர் எண்ணுகிறார்கள். இன்றைய சுவை அதைவிட மிகவும் இளையது.

முதல் காய்ச்சலை மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினேன். பன்னிரண்டு லிட்டர் நீரை 73 பாகைக்குச் சூடாக்கி, பையிலிருந்த முழுவதையும் கொட்டிக் கிளறி, 66 பாகையில் ஒரு மணி நேரம் மூடிவைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் கஞ்சி போலிருந்த கலவை, மாவுச்சத்து கரையக் கரைய இளகி, இனிப்பான கருஞ்சாறாக மாறுவதைக் கரண்டியில் எடுத்துப் பார்க்கலாம். இதுவரை தாளில் சொன்னபடியே நடந்தது. சாற்றை வடிக்கும் கட்டத்தில்தான் சிக்கல் வந்தது. குழாயைத் திறந்த முதல் ஐந்து நிமிடம் நூல் போல் ஓடிய சாறு, பிறகு சொட்டுச் சொட்டாகி, அதன் பின் நின்றேவிட்டது. பார்லி அவலில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற பிசின், வெண்டைக்காய்க் கொழகொழப்பைப் போலத் தானியப் படுகையை அடைத்துக்கொண்டதே காரணம். இருபது சதவீத அவலைக் கொண்ட ஒரு கூட்டை விற்பவர், உடன் ஒரு பிடி நெல் உமியையாவது போட்டுத் தர வேண்டும், அல்லது தாளில் ஒரு வரி எச்சரிக்கையாவது எழுத வேண்டும். இரண்டும் இல்லை. கரண்டியால் படுகையை அடியோடு கிளறிவிட்டு, சற்றுச் சூடான நீரை மேலாக ஊற்றி, மறுபடி படிய விட்டு வடிப்பதற்குள் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் முறை நானே 150 கிராம் உமி வாங்கி நனைத்துக் கலந்தேன். அரை மணியில் வடிந்து முடிந்தது.

கொதிக்கவைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹாப்ஸ் முழுவதையும் தொடக்கத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் கசப்பு மட்டும் இறங்கி மணம் ஆவியாகிவிடும்; இந்த ஸ்டவுட்டுக்கு வேண்டியதும் அதுதான். பெட்டியில் வந்த ஹாப்ஸ் புதியதாக, கைக்குள் தேய்த்தால் உலர்ந்த புல்லும் இலேசான மண்வாசனையும் தருவதாக இருந்தது. குளிரவைத்து 20 லிட்டராக்கியபோது, எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று சொல்லும் அடர்த்தி 1.042 காட்டியது (வெறும் நீருக்கு 1.000). தாளில் போட்டிருந்ததும் அதே எண்தான். தானியத்தின் அளவிலும் உடைத்த பதத்திலும் கடைக்காரர் நேர்மையாக நடந்துகொண்டார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஈஸ்ட் அவ்வளவு நன்றாக அமையவில்லை. அதற்கு என் வீட்டின் குளிரும் பாதிக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மார்ச் மாதத்தில் அந்த அறை 15 பாகையைத் தாண்டவில்லை. ஆனாலும், சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இறங்க வேண்டிய அடர்த்தி, பெயரில்லாத அந்தப் பொட்டலத்தால் 1.014இல் நின்றுவிட்டது. டிராஃப்ட் வகையின் உலர்ந்த முடிவு வேண்டுமென்றால் 1.010ஐ ஒட்டி இறங்கியாக வேண்டும். மீந்த சர்க்கரையால் பானம் கனத்தது, ஆல்கஹால் 3.7 சதவீதத்தோடு நின்றது, அதைவிட மோசமாக, வறுத்த பார்லியின் கசப்போடு அந்த இனிப்பு சேர்ந்து, சர்க்கரை கூடிப்போன ஆறிய காப்பியின் சுவையைத் தந்தது. இரண்டாம் முறை பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஐரிஷ் ஏல் வகை என்று விற்கப்படும் வையீஸ்ட் 1084 திரவ ஈஸ்ட்டைத் தனியாக வாங்கி, 20 பாகையில் வைத்தேன். ஆறே நாளில் 1.010க்கு வந்து நின்றது. பெட்டியின் விலையோடு இன்னும் சில யூரோவைக் கூட்டிக் கடைக்காரரே இந்த ஈஸ்ட்டை வைத்து அனுப்பினால், வாங்குவோர் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

புட்டியில் அடைக்கும்போது வாயு உண்டாவதற்காகச் சேர்க்கச் சொன்ன சர்க்கரையின் அளவு தாளில் இருந்த அப்பட்டமான பிழை. 20 லிட்டருக்கு 120 கிராம் என்று போட்டிருந்தது. வெளிர் நிற ஏல் வகைகளுக்கு அது சரியான அளவு. ஸ்டவுட்டுக்கோ அதில் பாதி போதும். முதல் முறை தாளை நம்பி 120 கிராம் போட்டதன் விளைவாக, மூன்று வாரம் கழித்துத் திறந்த புட்டி, சோடாவைப் போலச் சுறுசுறுவென்று பொங்கி, பழுப்பு நிறத்தில் பெரிய குமிழ்களாக நுரைத்து, இரண்டு நிமிடத்தில் அடங்கிப்போனது. அந்தக் குமிழ்களின் கூர்மை வறுத்த தானியத்தின் கமறலை மேலும் தூக்கிக் காட்டியது. இரண்டாம் முறை 60 கிராமோடு நிறுத்தினேன்.

பெட்டியில் எனக்குப் பட்ட முக்கியமான குறைக்கு இப்போது வருகிறேன். எல்லாத் தானியங்களையும் ஒரே பையில் கலந்து அனுப்பியதுதான் அது. பார்ப்பதற்குச் சிறிய வசதியாகத் தோன்றும் இந்தச் செயல், ஸ்டவுட் காய்ச்சுவோரின் கையில் இருக்கும் மிக முக்கியமான பிடியைப் பறித்துவிடுகிறது. ஏன் என்பதற்கு நீரிலிருந்து தொடங்க வேண்டும்.

டப்ளின் நீர் கடினமானது, சுண்ணாம்பின் காரத்தன்மை மிகுந்தது, அதனால்தான் அமிலம் கூடிய கருந்தானியங்கள் இங்கே பொருந்தி ஸ்டவுட் பிறந்தது என்று பீர் காய்ச்சும் நூல்கள் திரும்பத் திரும்ப எழுதிவந்தன. அதைப் படித்துவிட்டு, தங்கள் ஊர் நீரில் சுண்ணாம்பைக் கரைத்து "டப்ளின் நீர்" தயாரிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் இன்றைய ஆலை பயன்படுத்தும் நீர் விக்லோ மலைகளிலிருந்து வருவது. கருங்கல் பூமியில் ஓடி வரும் அந்த நீர் மென்மையானது. தென் டப்ளினில் என் வீட்டுக்கு வரும் குழாய்நீரும் மென்மையானதுதான். ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தும் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு அரிதாகவே தெரியும். மென்மையான நீரில் பத்து சதவீத வறுத்த பார்லியை ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதன் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க நீரில் எதுவும் இருப்பதில்லை. முதல் காய்ச்சலில் கலவையின் பி.எச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5.1க்கும் 5.2க்கும் நடுவே இறங்கியிருந்தது. 5.2 முதல் 5.6 வரை இருந்தால் நொதிகளுக்கும் நல்லது, சுவைக்கும் நல்லது. அதற்குக் கீழே போனால் பானம் மெலிந்து கூராகிவிடும். சூட்டிலேயே நெடுநேரம் கிடந்த கருந்தானியமோ கசப்போடு துவர்ப்பையும் சேர்த்து இறக்கிவிடும். வடிகட்டியில் டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு அதே பொடியைக் கொதிக்கவைத்துப் பிழிந்தால் வரும் சுவை அது.

எனவே இரண்டாம் பெட்டியை வாங்கும்போது, வறுத்த பார்லியைத் தனிப் பையில் போட்டு அனுப்ப முடியுமா என்று கடைக்காரருக்கு எழுதிக் கேட்டேன். மறுநாளே சரி என்று பதில் வந்தது, கூடுதல் கட்டணமும் கேட்கவில்லை. இதற்காக அவரைப் பாராட்டுகிறேன். அந்த 400 கிராமையும் காய்ச்சுவதற்கு முந்தைய இரவு இரண்டு லிட்டர் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, காலையில் மெல்லிய துணியில் பிழியாமல் வடிகட்டினேன். கிடைத்தது மை போன்ற கருஞ்சாறு; ஆனால் விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கசப்பு வழுவழுப்பாக இருந்தது, தொண்டையைப் பிடிக்கவில்லை. வெளிர் மால்ட்டும் அவலும் மட்டும் ஊறிய கலவையின் பி.எச் இம்முறை 5.5 காட்டியது. கொதி முடிய பத்து நிமிடம் இருக்கும்போது கருஞ்சாற்றைச் சேர்த்தேன். வறுத்த பார்லியைத் தனியே கையாள்வது வீட்டில் காய்ச்சுவோர் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. வறுத்த பார்லிச் சாற்றைத் தனியே செறிவாக்கி, வெளிநாடுகளில் தன் ஸ்டவுட்டைக் காய்ச்சும் ஆலைகளுக்கு அனுப்பும் வழக்கம் கின்னஸ் நிறுவனத்துக்கே உண்டு. குளிர்ந்த நீரில் ஊறவைத்ததால் நிறம் மட்டும் ஒரு படி குறைந்தது. கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரங்களில் மாணிக்கச் சிவப்பு தெரிந்தது. இதையும் குறையாகச் சொல்ல மாட்டேன். அசல் பானமும் வெளிச்சத்தில் கருஞ்சிவப்புத்தான்.

அந்த மெல்லிய புளிப்பைப் பற்றியும் ஒரு சொல். சிறிதளவு புளித்த பீரை ஆலையில் கலக்கிறார்கள் என்று வீட்டில் காய்ச்சுவோர் நெடுங்காலமாகப் பேசிக்கொள்வார்கள். அதை நம்பி ஒரு லிட்டர் சாற்றைத் தனியே புளிக்கவிட்டுச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் எளிய வழியைத் தேர்ந்தேன். 80 சதவீத லாக்டிக் அமிலத்தில் நான்கு மில்லிலிட்டரை, புட்டியில் அடைக்கும் நாளில் 20 லிட்டருக்கும் பொதுவாகச் சேர்த்தேன். இரசத்தில் புளி ஒரு சிட்டிகை தூக்கலாக இருப்பது போன்ற அளவு அது. தனியாகப் புளிப்பு தெரியாது, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கிவிடும்.

தானியம், நீர், ஈஸ்ட் எல்லாம் சரியாக அமைந்தாலும், நுரை அமையாவிட்டால் யாரும் இதை அந்த ஸ்டவுட் என்று ஏற்க மாட்டார்கள். பெட்டியின் தாள் இந்த விஷயத்தில் முழு மௌனம் காக்கிறது. குழாயில் வரும் டிராஃப்ட் வகையின் நுரை கரியமில வாயுவால் மட்டும் ஆனதல்ல. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நைட்ரஜன் கொண்ட கலவையால் ஆனது. கணிதம் படித்துவிட்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த மைக்கேல் ஆஷ் என்பவர் தலைமையில் உருவான இந்த முறை 1959இல், ஆலையின் இருநூறாவது ஆண்டில், மதுக்கடைகளுக்கு வந்தது. நைட்ரஜன் பீரில் மிகக் குறைவாகவே கரையும். கரைந்த கொஞ்சமும், குழாயின் உள்ளே இருக்கும் நுண்துளைத் தட்டில் மோதியதும் மிகச் சிறிய குமிழ்களாகப் பிரிகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றிலும் பெரும்பகுதி நைட்ரஜனே என்பதால் குமிழுக்குள்ளிருந்து வாயு வெளியே ஓட அவசரப்படுவதில்லை, நுரை கடைசி மடக்கு வரை நிற்கிறது. அந்தக் குமிழ்கள் கோப்பையின் சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி வழிவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கும் கோப்பையின் வடிவத்தால், நடுவில் குமிழ்கள் ஏறும்போது ஓரத்தில் திரவம் இறங்கி, சிறு குமிழ்களையும் இழுத்துச் செல்கிறது என்று லிமெரிக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் 2012இல் விளக்கினார்கள்.

இதை வீட்டில் முறையாகச் செய்ய, எஃகுப் பீப்பாய், கலப்பு வாயு உருளை, அழுத்தச் சீராக்கி, நுண்துளைத் தட்டுள்ள குழாய் என்று வாங்க வேண்டும். அந்தச் செலவில் இந்தப் பெட்டியைப் பத்து முறை வாங்கிவிடலாம். டின்னில் விற்கும் டிராஃப்ட் வகைக்குள் 1988 முதல் ஒரு பிளாஸ்டிக் கூடு வைக்கிறார்கள். டின்னைத் திறந்ததும் அதன் சிறு துளை வழியே வாயுவும் பீரும் பீச்சி நுரையை எழுப்பும். வீட்டில் அடைக்கும் புட்டியில் அதற்கு வழியில்லை. எனக்குக் கைகொடுத்தது மருந்துக்கடையில் வாங்கிய, ஊசி இல்லாத 20 மில்லிலிட்டர் சிரிஞ்ச். வாயு குறைவாக உள்ள ஸ்டவுட்டைக் கோப்பையில் முக்கால் அளவு நுரையில்லாமல் ஊற்றி, சிரிஞ்சில் 15 மில்லிலிட்டரை உறிஞ்சி, முனையைப் பரப்புக்குச் சற்று மேலே பிடித்து, ஒரே அழுத்தில் வேகமாக உள்ளே பீச்ச வேண்டும். முதல் கணத்தில் கோப்பை முழுதும் பால் கலந்த காப்பியின் நிறத்துக்கு மாறும். பிறகு அடியிலிருந்து கருமை மெல்ல மேலேறி, நுரைக்கும் பானத்துக்கும் இடையே கோடு கிழித்தது போல் எல்லை தெளியும். இரண்டாம் காய்ச்சலில் இப்படி எழுந்த நுரை, தேன் நிறத்தில், ஒரு விரற்கடை உயரத்தில், எட்டு நிமிடம் நின்றது. முதல் காய்ச்சலில் இதே வேலையைச் செய்ய முயன்றபோது, 120 கிராம் சர்க்கரை உண்டாக்கிய வாயுவால் பாதிக் கோப்பை மேசை மேல் வழிந்துவிட்டது. சர்க்கரை அளவின் முக்கியத்துவம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சுவையை ஒப்பிட, கண்ணையும் பெயரையும் விலக்கிவிட்டு நாக்கை மட்டும் சாட்சிக்கு அழைக்க விரும்பினேன். சிறிய எண்ணிக்கையிலான சோதனைகளிலிருந்து எவ்வளவு உறுதியாக முடிவு சொல்லலாம் என்ற கேள்விக்கு விடை தேடித்தந்த வில்லியம் கோசெட், 1899இல் இதே ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1908இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்ததுதான் புள்ளியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் டி-சோதனை. என் சோதனை அதைவிட எளியது. ஒன்பது நண்பர்களுக்கு, நிறமும் நுரையும் தெரியாதபடி, வீட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களில் மூன்று மூன்றாக ஊற்றிக் கொடுத்தேன். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் தொட்டாலே மூன்று பேர் சரியாகச் சொல்ல வாய்ப்பு உண்டு. ஆறு பேருக்குக் குறையாமல் சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மையில் உணரப்படுகிறது என்று ஓரளவு நம்பலாம். முதல் காய்ச்சலையும் டின்னில் வாங்கிய டிராஃப்ட்டையும் வைத்தபோது எட்டுப் பேர் சரியாகச் சொன்னார்கள். இரண்டாம் காய்ச்சலில் அது ஐந்தாகக் குறைந்தது. இரண்டும் ஒன்றே என்று இதை வைத்து அறுதியிட முடியாது. ஆனால் முதல் காய்ச்சலை முகர்ந்த உடனேயே தள்ளிவைத்த ஒருவர், இரண்டாம் முறை மூன்று டம்ளரையும் நான்கு சுற்று சுவைத்துவிட்டு, தவறான ஒன்றைத்தான் சுட்டினார்.

என் நாக்குக்கு இன்னும் ஒரு வேறுபாடு தெரிகிறது. அசல் பானத்தின் நடுச்சுவை சற்று வெறுமையாக, வழுக்கிக்கொண்டு போவதாக இருக்கும். என்னுடையதில் அங்கே கொஞ்சம் ரொட்டியின் கனம் நிற்கிறது. ஆலையில் வடிகட்டித் தெளிவாக்குகிறார்கள், என் புட்டியின் அடியிலோ ஈஸ்ட் படிந்திருக்கிறது என்பதே காரணமாகலாம். எனக்கு அந்தக் கனம் பிடித்திருக்கிறது. நகலின் கணக்குப்படி மட்டும் அது ஒரு மதிப்பெண் குறைவு.

விலையைப் பார்ப்போம். பெட்டிக்கு 32 யூரோ, திரவ ஈஸ்ட்டும் உமியும் அமிலமும் சேர்த்து இன்னும் 14 யூரோ. கசடு போக 18 லிட்டர், அதாவது அரை லிட்டர் புட்டிகள் 36 தேறின. டப்ளின் மதுக்கடையில் ஒரு பைன்ட் ஆறு யூரோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது என்பதால் கணக்கு நம் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று வாரக் காத்திருப்பும் அதில் சேரவில்லை. பணத்தை மிச்சப்படுத்த மட்டும் இதை வாங்க வேண்டாம். முதன்முதலாகக் காய்ச்சப்போகிறவருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தாளை நம்பி நடந்தால் என் முதல் காய்ச்சலின் கதியே வாய்க்கும். தானியக் காய்ச்சல் இரண்டு மூன்று செய்து கை பழகியவர்களுக்கு, கூட்டு விகிதமும் தானியத்தின் தரமும் நம்பத்தக்க இந்தப் பெட்டி நல்ல அடித்தளம். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். வறுத்த பார்லி தனிப் பையில், பெயர் சொல்லக்கூடிய ஈஸ்ட்டோடு, சர்க்கரை அளவைத் திருத்திய தாளோடு வந்தால் நாலரை தயங்காமல் கொடுப்பேன். இந்த மூன்றையும் கடைக்காரருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த அச்சில் சர்க்கரை அளவை மாற்றுவதாக மட்டும் பதில் வந்திருக்கிறது.

வாங்குவோர், பணம் செலுத்தும் பக்கத்தில் உள்ள குறிப்புப் பெட்டியில் "வறுத்த பார்லி தனியே" என்று எழுதிவிடுங்கள். இரண்டாம் காய்ச்சலில் மீதம் இருக்கும் பதினொரு புட்டிகளை இருட்டில் வைத்திருக்கிறேன். ஆறு வாரத்தில் திறந்தபோது மூன்று வாரத்தில் இருந்ததைவிட வறுவலின் முனை மழுங்கி, காப்பி வாசனை மட்டும் எஞ்சியிருந்தது. எனவே புட்டியில் அடைத்த பிறகு குறைந்தது ஆறு வாரமாவது விட்டுவைப்பது நல்லது.